ராஜி அக்காவுக்கு மீசை இருந்தது

ஒஸ்லோ மத்திய ரயில் நிலையம் எத்தனையோ முட்டாள்களைப் பார்த்திருக்கும். ஆனால் அன்று காலை என்னைப் பார்த்ததுபோல ஒருவனைப் பார்த்திருக்காது. கையில் பெரிய அட்டை. அதில் என் சொந்தக் கையெழுத்தில், தமிழில், ‘ராஜி அக்கா, வாங்கோ!’ பக்கத்தில் ஒரு பூ வேறு கீறியிருந்தேன். மற்றக் கையில் என் மனைவி செல்வி பொரித்துத் தந்த மீன் றோல்ஸ் பொதி. விமான நிலைய ரயிலிலிருந்து இறங்கிய கறுத்தத் தலைமயிர்ப் பெண்கள் எல்லோரையும் பார்த்துப் பல்லைக் காட்டினேன். ஒருத்தி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

விசயம் இதுதான். எங்கள் ஆய்வு நிறுவனத்தின் தலைவி இங்கர், “வெளிநாட்டிலிருந்து ராஜி என்று ஒரு பொருளியலாளர் வருகிறார், இந்த முறை கணக்கெடுப்புக்கு அவர்தான் பொறுப்பு, யாராவது போய்க் கூட்டி வர முடியுமா?” என்று கேட்டிருந்தார். ராஜி என்ற சொல்லோடு என் காது அடைத்துவிட்டது. ராஜேஸ்வரி! யாழ்ப்பாணத்துப் பிள்ளை, லண்டனில் பெரிய படிப்புப் படித்திருப்பாள், இப்போது எனக்கே மேலதிகாரி! நோர்வே மொழியில் ‘ஹான்’ என்றால் அவர் ஆண், ‘ஹுன்’ என்றால் அவர் பெண். இங்கர் ‘ஹான்’ என்றுதான் சொல்லியிருக்கிறார். இந்த நாட்டில் தலை நரைத்த பிறகும் எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

கூட்டம் கலைந்த பிறகு, நரைத்த மீசையும் கசங்கிய கோட்டுமாய் ஒரு மனிதர் மட்டும் என் அட்டைக்கு முன்னால் நின்று அதை ரசித்துக்கொண்டிருந்தார்.

“இது என்ன எழுத்து?” ஆங்கிலத்தில் கேட்டார்.

“தமிழ்.”

“அழகாக இருக்கிறது. எல்லாம் வளையம் வளையமாக. என்ன எழுதியிருக்கிறது?”

“மூத்த சகோதரி ராஜியே, வருக.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “ராஜி நான்தான். சகோதரி என்ற பகுதியைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.”

அன்றைக்குத் தொடங்கியது. அலுவலகத்தில் அவர் ராஜி. செல்விக்கும், றோல்ஸ் தின்ற எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அவர் கடைசிவரை ராஜி அக்கா. “உங்கடை ராஜி அக்கா எப்பிடி, சுகமே?” என்று மாதா கோவில் வாசலில் வைத்துக் கேட்பார்கள். அவரும் அதைக் கேட்டுப் பழகி, கைத்தொலைபேசியில் எனக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளின் கீழே ‘அக்கா’ என்று ஆங்கில எழுத்தில் கையொப்பம் போட ஆரம்பித்துவிட்டார்.

இந்தக் கதையை இப்போது எழுதக் காரணம், அந்த நிறுவனத்தில் இனி வீட்டுக்கு ஆள் போய்க் கேள்வி கேட்கிற வேலையே இல்லையாம். எல்லாம் கணினியில் வருமாம், சனம் தாங்களாகவே அழுத்திப் பதில் சொல்லுமாம். அங்கே வேலை பார்க்கும் எங்கள் பிள்ளை ஒருத்தி தொலைபேசி எடுத்து, “அங்கிள், அப்ப நீங்கள் வீடு வீடாப் போய் என்னதான் செய்தனீங்கள்? கேள்வியை வாசிக்கிறது மட்டும்தானே?” என்று கேட்டாள். ஓம் பிள்ளை, வாசிக்கிறது மட்டும்தான். அதை ஒழுங்காக வாசிக்கத் தெரியாமல் நான் ஒரு மனிதரை அவருடைய சொந்த வீட்டுக்கு வெளியே நிறுத்தப் பார்த்தேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மன்னாரில் பிறந்து, வடக்கு நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் விரல் மரத்து, திராமன் நகரத்தில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவி, முழங்கால் போனபிறகு ‘களப் பேட்டியாளர்’ ஆனேன். அதுவரை நான் செய்த வேலைகளில் வாய்க்கு வேலையே இருந்ததில்லை. கதைக்கிறதற்குச் சம்பளம் என்றதும் செல்வி நம்பவில்லை. “அப்ப உங்களுக்கு இவ்வளவு காலமும் எவ்வளவு நட்டம்!” என்றாள்.

ராஜி வந்த முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த வேலை கதைக்கிற வேலையில்லை என்று. பேட்டியாளர் எல்லோரையும் ஒரு அறையில் இருத்தி, ஒவ்வொருவராக முன்னால் கூப்பிட்டுத் தன்னைப் பேட்டி எடுக்கச் சொன்னார். என் முறை வந்தது. முதல் கேள்வியை வாசித்தேன். அவர் பதில் சொல்லத் தொடங்கியதும் கையை உயர்த்தினார்.

“யூசுஃப், உன் தலை என்ன செய்கிறது?”

என் பெயர் சூசைநாதன். சூசை என்றால் யோசேப்பு என்று ஒருமுறை விளங்கப்படுத்தியிருந்தேன். அவருடைய ஊரில் யோசேப்பு என்றால் யூசுஃப். அதோடு என் பெயர் போச்சு. அவர் சொன்னது நீயா நீங்களா என்று ஆங்கிலத்தில் தெரியாது. ஆனால் என் காதில் எப்போதும் ‘நீ’ என்றுதான் விழும், அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

“ஒன்றும் செய்யவில்லையே.”

“ஆடுகிறது. ஆமாம் என்கிறதா, இல்லை என்கிறதா?”

“இரண்டும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிறது.”

“நீ தலையாட்டினால் எதிரில் இருப்பவர், தான் சரியான பதில் சொல்லிவிட்டதாக நினைப்பார். அடுத்த கேள்விக்கும் உனக்குப் பிடித்த பதிலைத்தான் தேடுவார். இங்கே சரியான பதில் கிடையாது. அவருடைய பதில்தான் உண்டு.”

தமிழன் தலையை ஆட்டாமல் எப்படிக் கதை கேட்பது? ஒரு தீப்பெட்டியை என் தலையில் வைத்துவிட்டு மறுபடி தொடங்கச் சொன்னார். அது விழுந்த வேகத்தில் அந்த அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பொறுமையாகக் குனிந்து எடுத்து மறுபடி வைத்தார். விழும், எடுப்பார், வைப்பார். அவருடைய கண்டிப்பு அப்படி. சத்தம் இல்லை, முகத்தில் சுளிப்பு இல்லை. நீ சரியாகச் செய்யும்வரை குனிந்து எடுக்க அவர் தயார், அவ்வளவுதான். அந்த வாரக் கடைசியில் செல்வி என்னைப் பார்த்து, “என்னப்பா, கழுத்துப் பிடிச்சுப் போட்டுதோ?” என்று கேட்டாள்.

அவருடைய சட்டங்கள் கொஞ்சம்தான். கேள்வியை எழுதியிருக்கிறபடி வாசி. அவர் யோசிக்கும்போது நீ வாயைத் திறக்காதே. உன் வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதே, சொன்னால் அவர் தன் வீட்டை உன் வீட்டோடு ஒப்பிடத் தொடங்குவார். தேத்தண்ணீர் எல்லாம் முடிந்த பிறகு. கேட்டதை எவருக்கும் சொல்லாதே. இந்தக் கடைசிச் சட்டத்தில் மட்டும் அவர் குரல் மாறும். “ஒருவர் கதவைத் திறந்து நம்மை எண்ண விடுகிறார். அந்த எண்ணிக்கை அவருடைய கதவைத் தேடித் திரும்பிப் போகக் கூடாது.”

மதியச் சாப்பாட்டின்போது அவரைக் குடைவதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. நோர்வேஜியர்கள் பாணும் பாற்கட்டியும் பொதிந்து வருவார்கள். இவர் தட்டையான ரொட்டியை ஒலிவ எண்ணெயில் தோய்த்து, ஏதோ காய்ந்த இலைத் தூளில் புரட்டிச் சாப்பிடுவார். நான் புளிச்சாதத்தோடு முன்னால் போய் இருப்பேன். தன்னைப் பற்றிக் கேட்டால் பாதிதான் சொல்வார், மற்றப் பாதிக்குத் திரும்ப என்னைக் கேட்பார்.

பிறந்தது ஜெருசலேம். தகப்பன் பள்ளிக்கூட ஆசிரியர். படித்தது கெய்ரோவிலும் பிறகு இங்கிலாந்திலும். பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவரை, பலஸ்தீனத்துக்கு என்று ஒரு நிர்வாகம் வந்தபோது ராமல்லாவில் திட்டமிடல் அமைச்சுக்குக் கூப்பிட்டார்கள். “மேசை இருந்தது, நாற்காலி இருந்தது, அமைச்சு என்று பலகையும் இருந்தது. நாடுதான் இன்னும் வந்து சேரவில்லை” என்றார்.

“என்ன வேலை?”

“ஐந்தாண்டுத் திட்டம் எழுதுவது. வீட்டிலிருந்து அலுவலகம் போகிற பாதை நாளைக்குத் திறந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஐந்தாம் வருடம் எத்தனை பாடசாலை என்று எழுதுவேன். அது பொருளியல் இல்லை, சாத்திரம் பார்ப்பது.”

“பிறகு ஏன் எழுதினீர்கள்?”

“பாதை திறக்கிற அன்று கையில் திட்டம் இல்லாமல் நிற்கக் கூடாதே.”

இன்னொரு நாள், ராஜி என்ற பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். நம்பிக்கையோடு காத்திருப்பவன் என்று பொருளாம். “என் அப்பாவின் முன்கணிப்பு. பாதி பலித்துவிட்டது” என்றார். எந்தப் பாதி என்று கேட்க வாய் வந்தது. அவர் யோசித்துக்கொண்டிருந்தார், சட்டப்படி நான் வாயைத் திறக்கவில்லை.

உதவி கொடுக்கும் நாடுகள் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து இருந்தது. நோர்வேஜியர்கள் பல வருடமாக அவருடைய ஊருக்குப் போய் எண்ணியிருக்கிறார்கள். இப்போது அவரைக் கூப்பிட்டு ஒஸ்லோவில் குடியேறியவர்களை எண்ணச் சொல்கிறார்கள். அது அவருக்கு ஒரே வேடிக்கை. “ஆனால் ஒன்று, யூசுஃப். எங்களைப் பார்க்க வருபவர்களில் பாதிப் பேர் இரக்கத்தோடு வருவார்கள். இரக்கப்படுகிறவன் சரியாக எண்ண மாட்டான். கூட்டி எண்ணுவான், அல்லது கண்ணைத் துடைத்துக்கொண்டு மதிப்பீடு செய்வான். எங்களை ஆயுள் முழுக்க மதிப்பீடுதான் செய்திருக்கிறார்கள். ஒருவரிடம் போய், கதவைத் தட்டி, உன்னிடமே கேட்கிறேன் என்று சொல்வது மரியாதை.”

இப்படிப்பட்ட மனிதரின் கையில்தான் நான் என் மொழிபெயர்ப்பைக் கொடுத்தேன்.

கேள்விக்கொத்தை நோர்வே மொழியிலிருந்து தமிழாக்கியது நானேதான். அதில் ஒரு கேள்வி, ‘உங்கள் ஹுஸ்ஹோல்ட்னிங்கில் எத்தனை பேர்?’ ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் என்பது அதன் பொருள். நான் நிபுணனாச்சே, ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ‘உங்கடை வீட்டிலை எத்தினை பேர்?’ என்று போட்டேன். பேச்சுத் தமிழில் போட்டதற்காக என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

இலையுதிர் காலம் முடிகிற நேரம், பேட்டிகள் எல்லாம் முடிந்து தொகுத்தபோது இங்கர் வெளிறிப்போய் வந்தார். ஒஸ்லோவில் தமிழர்கள் மந்தை மாதிரி அடைந்து வாழ்கிறார்களாம். ஹொல்ம்லியாவில் இரண்டு அறை வீட்டில் பதினொரு பேர். இன்னொரு வீட்டில் அதைவிட மோசம். மாநகர சபைக்குச் சொல்ல வேண்டும், சுகாதாரத் துறைக்குச் சொல்ல வேண்டும் என்று அவர் தவித்தார்.

ராஜி என்னைக் கூப்பிட்டார். “இந்தக் கேள்வியைத் தமிழில் வாசி.”

வாசித்தேன்.

“வீடு என்றால் உங்கள் ஆட்களுக்கு எது?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் ஒஸ்லோவில் இருந்துகொண்டு ‘வீட்டை ரெலிபோன் எடுத்தனான்’ என்றால் அது யாழ்ப்பாணத்துக்கு. ‘வீட்டிலை எல்லாரும் சுகமோ’ என்றால் அது மன்னாருக்கு. இங்கே நாங்கள் படுக்கிற இடத்துக்குப் பெயர் ‘றூம்’, ‘பிளாட்’, ‘இஞ்சை’. நான் கேட்ட கேள்விக்குச் சனம் நேர்மையாகப் பதில் சொல்லியிருந்தது. நான்தான் கடல் தாண்டிக் கேட்டுவிட்டேன்.

இங்கர் கேட்டார், “தமிழர் பகுதியை அறிக்கையிலிருந்து எடுத்துவிடலாமா? அல்லது ஒரு மதிப்பீடு...”

ராஜி தாடையை மேலே தூக்கி, நாக்கால் ‘த்சு’ என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மடத்தனத்துக்கு ஒரு மனிதர் உச்சுக்கொட்டுகிறாரே! “பரவாயில்லை, நீங்கள் எனக்காகக் கவலைப்பட வேண்டாம்” என்றேன்.

“நான் கவலைப்படவில்லை. ‘கூடாது’ என்று சொன்னேன்” என்றார். அவர்களுடைய ஊரில் தாடையைத் தூக்கி உச்சுக்கொட்டினால் ‘இல்லை’ என்று பொருளாம். எங்கள் ஊரில் ‘ஐயோ பாவம்’. “எல்லாத் தமிழ் வீடுகளுக்கும் திரும்பப் போ. புதுக் கேள்வி: நேற்று இரவு இந்த வீட்டில் படுத்தவர்கள் யார் யார்?”

நான் வெளியே வரும்போது இங்கர் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார். “உனக்குத் தெரியுமா? அவர் இந்த வாரம் ஊருக்குப் போவதாக இருந்தது. இப்போது தள்ளிப்போட்டுவிட்டார். அவருக்குத் திரும்பிப் போக ஒரு கடைசி நாள் இருக்கிறது. அது தாண்டினால் விட மாட்டார்கள்.”

“எங்கே விட மாட்டார்கள்?”

“அவருடைய வீட்டுக்கு.”

எனக்கு அது சரியாக விளங்கவில்லை. ஆனால் ஓடத் தொடங்கிவிட்டேன்.

ஹொல்ம்லியாவில் அருளப்பு அண்ணையின் வீட்டுக் கதவைத் தட்டினேன். (இது அவருடைய உண்மைப் பெயர் இல்லை; ராஜியின் கடைசிச் சட்டம் இன்னும் என் வாயைக் கட்டியிருக்கிறது.)

“ஏனடாப்பா திரும்பி வந்தனீ? போனமுறை சொன்னது காணாதே?”

“அண்ணை, போனமுறை பதினொரு பேர் எண்டனீங்கள்.”

“ஓம், பதினொண்டுதான். அம்மா, அப்பா, தங்கச்சி குடும்பம், கனடாத் தம்பியையும் சேர்த்து...”

“இஞ்சை, நேற்று ராத்திரி இந்தக் கூரைக்குக் கீழை ஆர் ஆர் படுத்தது?”

“நானும் மனுசியும் பிள்ளையள் ரெண்டும். ஏன்?”

உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். இங்கேயே பிறந்து, பல்கலைக்கழகம் போகிற பிள்ளை. “அப்பா, அங்கிள் ஹுஸ்ஹோல்ட்னிங்கைக் கேக்கிறார்.”

“அட, ஹுஸ்ஹோல்ட்னிங்கே! அப்ப அதை வடிவாத் தமிழிலை கேட்டிருக்கலாம்தானே, விசரா!”

இப்படி வீடு வீடாக ஏச்சு வாங்கினேன். பனி கொட்டத் தொடங்கியிருந்தது. பதினொன்று நாலாகி, ஒன்பது மூன்றாகி, ஒஸ்லோத் தமிழர்கள் என் கையால் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனார்கள். கடைசியாக ஒரே ஒரு வீடு மிஞ்சியது, ரொம்மனில்.

அந்தப் பெண்ணுக்கு மேரி என்று பெயர் வைக்கிறேன். எங்கள் கத்தோலிக்கர்களில் பாதிப் பேர் மேரி, ஆள் பிடிபடாது. முதல் தடவை போனபோது கதவைத் திறந்து, கேள்வியைக் கேட்டு, “நாலு பேர்” என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டிவிட்டார். வீட்டில் அவரும் இரண்டு பிள்ளைகளும்தான் என்பது எனக்குக் கோவிலில் பார்த்துத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்ததை நான் எழுத முடியாது. அவர் சொல்ல வேண்டும்.

“நானும் வருகிறேன்” என்றார் ராஜி.

“உங்களுக்கு நேரம்...”

“நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ தலையைப் பார்த்துக்கொள்.”

மேரி இந்த முறை எங்களை உள்ளே விட்டார். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது பார்த்தேன், கொழுக்கியில் ஒரு ஆணின் கறுத்தப் பனிக்கோட்டு. கீழே பெரிய சப்பாத்து, மினுக்கி வைத்திருந்தது. ராஜியும் பார்த்தார். தன் கோட்டைக் கழற்றி அந்தக் கொழுக்கிக்குப் பக்கத்தில் மாட்டப் போய், பிறகு மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

இருந்தோம். நான் வாசித்தேன். “நேற்று ராத்திரி இந்த வீட்டிலை படுத்த ஆக்கள் ஆர் ஆர்?”

“நாலு பேர்.”

“பேரைச் சொல்லுங்கோ, தங்கச்சி.”

“நான். மூத்தவன். சின்னவள்.” நிறுத்தினார். “இவர்.”

“அவர் இஞ்சை இருக்கிறாரோ?”

“அண்ணை, உங்களுக்குத் தெரியாதே? தேப்பனுக்குச் சுகமில்லை எண்டு பாக்க ஊருக்குப் போனவர். சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிப் போட்டாங்கள். வன்னிக்குள்ளை மாட்டுப்பட்டுப் போனார். ஆள் எப்பவெண்டாலும் வருவார். அவற்றை கோட்டுக் கொழுவியிருக்கு, பாத்தனீங்கள்தானே. அவர் இந்த வீட்டுக்காரர். அவரை விட்டிட்டு மூண்டு பேர் எண்டு என்னாலை சொல்லேலாது. சொன்னா அவர் இல்லாத மாதிரியெல்லோ?”

நான் ராஜிக்கு மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் தலையில் தீப்பெட்டி இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

மேரி என்னை விட்டு நேராக அவரைப் பார்த்தார். “ஐயாவைக் கேளுங்கோ, அண்ணை. என்ரை மனுசனை இந்த வீட்டிலை எண்ண மாட்டாரோ எண்டு கேளுங்கோ.”

கேட்டேன்.

ராஜி அவரைப் பார்த்தபடியே தாடையைத் தூக்கி, மெல்ல, ‘த்சு’ என்றார்.

எண்ண மாட்டேன் என்றுதான் சொன்னார். எனக்குத் தெரியும். ஆனால் மேரியின் முகம் அப்படியே இளகிப்போனது. கண்ணைத் துடைத்தார். “பாத்தியளே அண்ணை. ஐயாவுக்கு விளங்குது. இந்த நாட்டிலை ஒருத்தராவது உச்சுக்கொட்டினார்.” மூக்கை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்து இருந்தார். “சரி, எழுதுங்கோ. ராத்திரி படுத்தது மூண்டு பேர்தான். அவருக்கு விளங்கினாப் போதும்.”

நான் எழுதினேன். மொழிபெயர்ப்பாளன் என்றால் அந்த இடத்தில் ‘தங்கச்சி, அது உச்சுக்கொட்டினது இல்லை’ என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் திறக்கவில்லை. தேத்தண்ணீர் வந்தது. பற்றிஸ் வந்தது. மேரி ராஜியின் தட்டில் மட்டும் இரண்டு வைத்தார். எழும்பும்போது கேட்டார், “ஐயாவின்ரை வீட்டிலை எத்தினை பேர்?”

மொழிபெயர்த்தேன். சட்டப்படி சொல்லக் கூடாது. ராஜி சிரித்துவிட்டுக் கையை நெஞ்சில் வைத்து வணங்கினார்.

ரொம்மன் நிலையத்தில் நகரத்துக்குப் போகும் ரயிலில் ஏறி எதிரெதிரே இருந்தோம். ராஜி கேட்டார், “நான் இல்லை என்றேன். அவள் ஏன் அழுதாள்?”

“நீங்கள் சொன்னது எங்கள் மொழியில் ‘ஐயோ பாவம்’.”

 தோள் குலுங்கச் சிரித்தார். “இரக்கப்படுகிறவன் எண்ணக் கூடாது என்று சொன்னவன் நான்.”

எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த கேள்வி வெளியே வந்துவிட்டது. “உங்கள் வீட்டில் எத்தனை பேர்?”

“எந்தக் கேள்வி கேட்கிறாய்? பழையதா, புதியதா?”

“இரண்டும்.”

சொன்னார். ஜெருசலேமில் பிறந்தாலும் அங்கே அவர் குடிமகன் இல்லை. வசிப்பதற்கு ஒரு அட்டை மட்டும்தான். வெளியே போக யாரும் தடுக்க மாட்டார்கள். திரும்பி வரத்தான் அனுமதி வேண்டும், அதற்கு ஒரு கடைசி நாள். அந்த நாள் தாண்டினால், அல்லது உன் வாழ்க்கையின் மையம் இங்கே இல்லை என்று அங்கே ஆளுகிறவர்கள் முடிவு செய்தால், அட்டை போய்விடும். பிறகு சொந்த வீட்டுக்கு விருந்தாளியாகக்கூட வர முடியாது. அதைச் சோதிக்க அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வருவார்களாம். அலுமாரியைத் திறந்து உடுப்பைப் பார்ப்பார்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் பார்ப்பார்கள். குளியலறையில் பல் துலக்கும் தூரிகைகளை எண்ணுவார்கள்.

“எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஒரு அதிகாரி தூரிகையைத் தொட்டும் பார்த்தாராம். காய்ந்திருந்தது என்று எழுதிக்கொண்டு போனாராம். அதற்குப் பிறகு என் மனைவி தினமும் காலையில் தன் தூரிகையை நனைக்கும்போது என்னுடையதையும் நனைத்து வைக்கிறாள். என் இரண்டு மகள்மாருக்கும் அது பெரிய பகிடி. அப்பா இன்றைக்குப் பல் துலக்கிவிட்டார் என்று தொலைபேசியில் சொல்வார்கள்.” விரலை மடக்கினார். “ஆகவே பழைய கேள்விக்கு நாலு பேர். புதிய கேள்விக்கு மூன்று.”

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அப்படி இருந்த வரலாறு எனக்கு இல்லை. “அப்படியென்றால், ராஜி, அந்த அதிகாரி எழுதியதும் சரிதானே? நீங்களும் இப்போது மேரியின் வீட்டில் அதையேதானே செய்தீர்கள்?”

கேட்டபிறகுதான் என் காதிலேயே விழுந்தது. ரயிலில் இருந்து குதிக்கலாமா என்று பார்த்தேன்; கதவு பூட்டியிருந்தது.

அவர் கோபப்படவில்லை. பாடம் எடுக்கிறபோது எப்படி இருப்பாரோ அப்படியே நிமிர்ந்து இருந்தார். “ஆமாம். நானும் மூன்று என்றுதான் எழுதினேன். எண்ணுவதில் பிழை இல்லை, யூசுஃப். அந்தக் கோட்டைக் கொழுக்கியிலிருந்து எடுத்து நான் வெளியே எறியவில்லை. மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு நாலாமவர் வருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கத்தான் எண்ண வேண்டும். இன்னொருவன் எண்ணி முடித்ததும் கதவைப் பூட்டுகிறான். இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம். அதுதான் என் தொழிலில் எனக்குப் பயம்.”



அறிக்கை முடிந்தது. தமிழர்கள் மந்தையாக வாழவில்லை என்று இங்கர் நிம்மதியாக மூச்சு விட்டார். ஆனால் என்னால் தாமதமான நாட்கள் தாமதமானவைதான். ராஜி புறப்பட்டபோது அவருடைய கடைசி நாளுக்கும் அவருக்கும் இடையில் ஒரு விமானமும், எல்லை ஆற்றைத் தாண்ட ஒரு பாலமும், ஒரு சாவடியும் மட்டுமே இருந்தன. பாலத்தைப் பூட்டினால் போச்சு. மூடுபனி என்று விமானம் நின்றாலும் போச்சு.

செல்வி மறுபடி றோல்ஸ் பொரித்தாள். நிலையத்தில் அதே இடத்தில் நின்று கொடுத்தேன். இன்னொரு சின்னப் பொதியும் நீட்டினேன். ஒரு நோர்வேப் பல் தூரிகை, நீல நிறம். என் புத்திக்கு அதுதான் எட்டியது.

அவர் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “வேண்டாம். வீட்டில் என்னுடையது இருக்கிறது.”

ரயில் போய்விட்டது.

அடுத்த நாள் நான் எடுத்துப் பார்த்தபோது அவருடைய தொலைபேசி அடிக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. அந்தப் பக்கத்தில் ஏதோ குழப்பம், சாவடிகள் பூட்டியிருக்கின்றன என்று செய்தியில் சொன்னார்கள். செல்வி என் முகத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல், “ராஜி அக்கா போய்ச் சேந்திருப்பா, நீங்கள் சாப்பிடுங்கோ” என்றாள். ஒரு சொல். ‘வீட்டிலை’ என்ற ஒரே ஒரு சொல்லை நான் யோசித்துப் போட்டிருந்தால் அந்த மனிதர் எப்போதோ தன் வீட்டில் இருந்திருப்பார். இதையே நினைத்துக்கொண்டு அலுவலகத்தில் இருந்தேன். இங்கரும் எதுவும் தெரியாது என்றார். கோவிலில் மேரி என்னைப் பிடித்து, “அந்த உச்சுக்கொட்டின ஐயா சுகமே?” என்று கேட்டபோது, மாதக்கணக்கில் கட்டி வைத்திருந்த என் தலை, ஓம் என்றும் இல்லை என்றும் விளங்காதபடி தன்பாட்டில் ஆடியது.

கடைசியில் ஒரு குறுஞ்செய்தி எழுதினேன். எப்படி எழுதுவது என்று வெகுநேரம் யோசித்து, அவர் படிப்பித்தபடியே, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் கேட்டேன்: ‘நேற்று இரவு உங்கள் வீட்டில் படுத்தவர்கள் யார் யார்?’

இரண்டு நாள் கழித்து, நான் ஹொல்ம்லியா ரயிலுக்காகப் பனியில் நின்றுகொண்டிருந்தபோது தொலைபேசி அதிர்ந்தது. கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டுப் பார்த்தேன்.

‘பல் துலக்கிவிட்டேன். - அக்கா.’